மிளகின் பெயர் பெற்ற காய்

நுழையும்முன்

நம் அன்றாட உணவில் நீங்காத இடம்பெற்றுள்ள மிளகாய், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு கடல் கடந்து வந்த விருந்தாளி. நாவை எரிக்கும் அக்காய் சமையலறையில் சுவைக்குத் துணையாகிறது. மருத்துவமனையில் வலியைத் தணிக்கும் மருந்தாகிறது. எரிக்கும் பொருளே எரிச்சலை ஆற்றுவது எவ்வாறு? நம் முன்னோர் அடுக்களையில் பட்டறிவால் கண்டவற்றை இன்றைய அறிவியல் எவ்வாறு விளக்குகிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

பெயரில் உறையும் வரலாறு

தாளிப்பு, குழம்பு, துவையல், ஊறுகாய், இட்லிப் பொடி என எதனை எடுத்துக்கொண்டாலும் அதில் மிளகாய்க்கு ஓர் இடம் உண்டு. ஆயினும், சங்க இலக்கியங்களில் மிளகாயைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. அக்காலத் தமிழர் உணவின் காரத்திற்கு மிளகு, இஞ்சி போன்றவற்றையே நாடினர். சங்க இலக்கியம் மிளகினைக் 'கறி' என்னும் சொல்லால் குறிக்கிறது. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்த பொருள்களுள் ஒன்றாக மிளகு மூட்டைகளைச் சுட்டுகிறது. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் 'திரிகடுகம்' எனப் பெயர்பெற்று மருந்தாகப் போற்றப்பட்டன. அப்பெயரிலேயே ஒரு நீதிநூல் பதினெண்கீழ்க்கணக்கில் இடம்பெற்றுள்ளது.

பின்னாளில் கடல் கடந்து வந்த புதிய காயொன்று மிளகைப் போலவே உறைத்தது. எனவே, 'மிளகு போன்று உறைக்கும் காய்' என்னும் பொருளில் மிளகாய் என்னும் பெயர் அமைந்தது. ஐரோப்பியரும் இவ்வாறே செய்தனர். கொலம்பசு 1492 ஆம் ஆண்டு மிளகைத் தேடிக் கடலில் புறப்பட்டுக் கரீபியத் தீவுகளை அடைந்தபோது, அங்குள்ள மக்கள் உண்ட காரமான காயைக் கண்டார். ஸ்பானிய மொழியில் மிளகின் பெயர் 'பிமியெந்தா'. புதிய காய்க்கு 'பிமியெந்தோ' என்னும் பெயர் வழங்கலாயிற்று. ஆங்கிலத்திலும் மிளகைக் குறிக்கும் 'பெப்பர்' என்னும் சொல்லே மிளகாய்க்கும் பொதுவாயிற்று.

தாவரவியல் நோக்கில் இவை இரண்டிற்கும் உறவில்லை. மிளகு, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான காடுகளில் மரங்களைப் பற்றிப் படரும் கொடி. மிளகாயோ கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. ஆயினும், வெவ்வேறு நிலங்களில் வாழ்ந்த மக்களின் நாக்கு இரண்டையும் ஒன்றாகவே உணர்ந்தது. அவ்வுணர்வு பிழையன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

கடல் கடந்து வந்த செடி

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். அங்கு வாழ்ந்த மக்கள் ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மிளகாயை உணவில் பயன்படுத்தியதற்குத் தொல்லியல் சான்றுகள் கிடைத்துள்ளன. நாம் மிகுதியாகப் பயன்படுத்தும் மிளகாய் இனம் மெக்சிகோ பகுதியில் பயிராக்கப்பட்டது. மிளகாய்ப் பேரினத்தில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் ஐந்தே பரவலாகப் பயிரிடப்படுகின்றன.

போர்ச்சுகீசியர் 1498 ஆம் ஆண்டு கோழிக்கோட்டை அடைந்தனர். 1510 ஆம் ஆண்டு கோவாவைக் கைப்பற்றினர். அவர்களுடைய கடல் வணிகத்தின் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் மிளகாய் இந்தியாவிற்கு வந்து சேர்ந்தது. மிளகு ஈரமும் நிழலும் உள்ள நிலத்தில் மட்டுமே செழிக்கும். நட்டுச் சில ஆண்டுகள் காத்திருந்த பின்னரே பலன் தரும். மேலும், அது நெடுந்தொலைவு சென்று விற்கப்பட்ட விலையுயர்ந்த வணிகப்பொருள். மிளகாய்ச் செடியோ வீட்டுக் கொல்லையிலும் வளரும். மானாவாரி நிலத்திலும் விளையும். நட்ட சில மாதங்களிலேயே காய்க்கும். விலை கொடுத்து மிளகு வாங்க இயலாத குடும்பமும் தன் கொல்லையிலிருந்தே காரத்தைப் பறித்துக்கொள்ள முடிந்தது. காரத்தை எல்லார்க்கும் பொதுவாக்கியது மிளகாய். இன்று உலகில் வற்றல் மிளகாயை மிகுதியாக விளைவிக்கும் நாடாகவும் ஏற்றுமதி செய்யும் நாடாகவும் இந்தியா விளங்குகிறது.

சுவையா? வலியா?

இனிப்பு, புளிப்பு, கைப்பு, துவர்ப்பு, உவர்ப்பு, கார்ப்பு என அறுசுவையுள் ஒன்றாகக் காரத்தை வைத்தனர் நம் முன்னோர். இன்றைய உடலியங்கியல் காரத்தைச் சுவை எனக் கொள்வதில்லை. இனிப்பையும் புளிப்பையும் நாவிலுள்ள சுவை மொட்டுகள் உணர்கின்றன. காரத்தை உணர்பவை, வலியையும் வெப்பத்தையும் உணரும் நரம்பு முனைகள். இதனால்தான் மிளகாய் பட்ட கையும் எரிகிறது, கண்ணும் எரிகிறது. அவ்விடங்களில் சுவை மொட்டுகள் இல்லை. 'வாய் எரிகிறது', 'கை காந்துகிறது' என்று நாம் இயல்பாகக் கூறும் தொடர்கள் இவ்வுண்மையையே உணர்த்துகின்றன.

மிளகாயின் காரத்திற்குக் காரணமான வேதிப்பொருள்களுள் முதன்மையானது காப்சைசின். ஜான் கிளஃப் தெரெசு என்பாரைப் போன்ற முன்னோடிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதனை ஆராயத் தொடங்கினர். 1876 ஆம் ஆண்டு இதற்குக் காப்சைசின் என்னும் பெயர் இடப்பட்டது. ஆயினும், அது உடலில் எவ்வாறு எரிச்சலை உண்டாக்குகிறது என்பது 1997 ஆம் ஆண்டுதான் தெளிவாயிற்று. அமெரிக்க அறிவியலாளர் டேவிட் சூலியசும் அவருடைய குழுவினரும் நரம்பு முனைகளில் உள்ள ஓர் உணர்வேற்பிப் புரதத்தைக் கண்டறிந்தனர். 'டி.ஆர்.பி.வி. 1' எனப்படும் அப்புரதம், ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் தாக்கும்போது கதவைப்போல் திறந்து, 'சுடுகிறது' என்னும் செய்தியை மூளைக்கு அனுப்பச் செய்கிறது. காப்சைசின் அதே கதவைத் திறந்துவிடுகிறது. உண்மையில் நாக்குச் சுடப்படவில்லை. ஆனால், சுடப்பட்டதாகவே மூளை உணர்கிறது. வியர்வை பெருகுவதும் மூக்கிலிருந்து நீர் வடிவதும் அதன் விளைவுகள். வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் ஏற்பிகள் பற்றிய ஆய்வுகளுக்காக டேவிட் சூலியசும் ஆர்டெம் பட்டாபூட்டியனும் 2021 ஆம் ஆண்டின் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மிளகிலுள்ள பைபரின் என்னும் பொருளும் இதே உணர்வேற்பியையே தூண்டுகிறது. செடி வேறு, வேதிப்பொருள் வேறு, திறக்கப்படும் கதவு ஒன்று. புதிய காய்க்கு மிளகின் பெயரை இட்டவர்கள் தம் நாவை நம்பினர். நாக்கு உரைத்த உண்மையை ஆய்வுக்கூடம் பிற்காலத்தில் உறுதிசெய்தது.

செடிக்கு இக்காரத்தால் என்ன பயன்? பாலூட்டிகள் விதைகளை மென்று அழித்துவிடுகின்றன. அவை காரத்தால் விலகிச் செல்கின்றன. பறவைகளின் உணர்வேற்பி காப்சைசினால் தூண்டப்படுவதில்லை. எனவே, அவை பழத்தை விழுங்கி, விதைகளைச் சிதையாமல் தொலைவில் பரப்புகின்றன. பொலிவியா நாட்டுக் காட்டு மிளகாய்களை ஆராய்ந்தோர், காப்சைசின் விதைகளைப் பூஞ்சைத் தாக்குதலிலிருந்து காப்பதையும் கண்டறிந்துள்ளனர்.

தெரிந்து தெளிவோம்

காரத்தை அளக்க இயலுமா? அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் இசுகோவில் 1912 ஆம் ஆண்டு அதற்கு ஒரு முறையை வகுத்தார். மிளகாய்ச் சாற்றில் சர்க்கரை நீரைச் சேர்த்துக்கொண்டே சென்று, சுவைத்துப் பார்ப்போருக்குக் காரம் தெரியாமல் மறையும்வரை எத்தனை மடங்கு நீர்க்க வேண்டியிருந்தது என்பதைக் கணக்கிட்டார். அவ்வளவு இன்றும் 'இசுகோவில் அலகு' எனப்படுகிறது. குடைமிளகாயின் அளவு சுழியம். வடகிழக்கு இந்தியாவின் 'பூத் சோலோக்கியா' மிளகாய் பத்து இலட்சம் அலகுகளைக் கடந்து, 2007 ஆம் ஆண்டு உலகின் மிகக் காரமான மிளகாயாகக் கின்னசு நூலில் இடம்பெற்றது. தூய காப்சைசினின் அளவு ஏறத்தாழ 160 இலட்சம் அலகுகள். இக்காலத்தில் நாவிற்கு மாற்றாகக் கருவிகளே காரத்தை அளக்கின்றன.

அடுக்களை அறிந்த அறிவியல்

காப்சைசின் நீரில் எளிதில் கரைவதில்லை. எண்ணெயிலும் கொழுப்பிலும் கரைகிறது. இவ்வொரு பண்பைத் தெரிந்துகொண்டால் நம் சமையல் முறைகள் பலவற்றின் காரணம் விளங்கும். தாளிக்கும்போது, காய்ந்த எண்ணெயில் கடுகு வெடித்ததும் வற்றல் மிளகாயைச் சேர்க்கிறோம். மிளகாயின் மணமும் நிறமும் காரமும் எண்ணெயில் இறங்குகின்றன. எண்ணெய் அவற்றை உணவு முழுவதும் பரப்புகிறது. மணம் மட்டும் போதுமென்றால் மிளகாயை முழுதாகவே போடுவர். காரமும் வேண்டுமென்றால் கிள்ளிப் போடுவர். மிளகாய் கருகிவிட்டால் நெடி கிளம்பி வீடு முழுவதும் இருமலும் தும்மலும் எழுவதை நாம் அறிவோம். காரப்பொருள் புகையுடன் கலந்து மூக்கிலும் தொண்டையிலும் உள்ள நரம்பு முனைகளைத் தாக்குவதே அதற்குக் காரணம்.

காரம் விதையில் உள்ளது என்பது பலரின் எண்ணம். உண்மையில் காப்சைசின் உருவாவது, விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்ணிறச் சூலொட்டுத்திசுவில். அதனை ஒட்டியிருப்பதால் விதைகளும் காரமாகத் தோன்றுகின்றன. மிளகாயைக் கீறி உள்ளீட்டை நீக்கிவிட்டுச் சமைத்தால் காரம் பெரிதும் குறைவதற்கு இதுவே காரணம்.

மோர் மிளகாய் நம் சமையலறையின் நுட்பத்திற்குச் சிறந்த சான்று. பச்சை மிளகாயைக் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் ஊறவைப்பர். பகலில் வெயிலில் உலர்த்தி, மாலையில் மீண்டும் அதே மோரில் இடுவர். மோர் முழுவதும் உறிஞ்சப்படும்வரை இது தொடரும். பின்னர் நன்கு காயவைத்துச் சேமித்து, வேண்டும்போது எண்ணெயில் பொரித்துத் தயிர்ச்சோற்றுக்குத் துணையாக்குவர். பாலிலும் மோரிலும் உள்ள கேசின் என்னும் புரதம் காப்சைசினைப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையது. காரம் மிகுந்து வாய் எரியும்போது நீர் அருந்துவதால் எரிச்சல் அடங்குவதில்லை. தயிரோ மோரோ உண்டால் அடங்குகிறது. குழம்பில் தொடங்கும் தமிழர் விருந்து மோரில் நிறைவுறுவது பொருத்தமான முறையே ஆகும்.

நிறம் வேறு, காரம் வேறு என்பதும் சமைப்போர் அறிந்ததே. மிளகாயின் செந்நிறத்திற்குக் காரணம் காப்சாந்தின் முதலிய நிறமிகள். காசுமீர் மிளகாய் செக்கச் சிவந்திருந்தும் காரம் குறைந்தது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கொல்லைகளில் விளையும் காந்தாரி மிளகாய் உருவில் சிறிதாயினும் கடுங்காரம் உடையது. புதிய காய் வந்தபின்பும் மிளகு தன் இடத்தை இழக்கவில்லை. வெண்பொங்கலிலும் மிளகு இரசத்திலும் அதுவே இன்றும் ஆட்சி செய்கிறது.

வலியைத் தணிக்கும் வலி

காப்சைசின் ஒருமுறை பட்டால் எரிகிறது. மீண்டும் மீண்டும் பட்டால் அந்நரம்பு முனைகள் தம் உணர்திறனை இழக்கத் தொடங்குகின்றன. பழகியவர்கள் காரத்தை எளிதில் தாங்குவது இதனாலேயே. வலியைச் சுமந்து செல்லும் நரம்பு முனைகளே இவை என்பதால், அவை ஓய்ந்தால் வலியும் குறையும். மருத்துவம் பயன்படுத்திக்கொண்டது இவ்வழியைத்தான்.

காப்சைசினை மிகக் குறைந்த அளவில், அதாவது 0.025 முதல் 0.075 விழுக்காடுவரை கலந்த களிம்புகள் மூட்டுவலிக்கும் சிலவகை நரம்புவலிக்கும் பயன்படுகின்றன. அவற்றை ஒருமுறை தடவினால் பயன் கிட்டாது. நாள்தோறும் பலமுறை, சில வாரங்கள் தொடர்ந்து தடவ வேண்டும். தொடக்கத்தில் எரிச்சல் இருக்கும். நாளடைவில் எரிச்சலும் வலியும் சேர்ந்து குறையும்.

அக்கி நோய் நீங்கிய பின்னரும் சிலருக்கு அந்நோய் தாக்கிய இடத்தில் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், கடும் நரம்புவலி நீடிக்கும். ஆடை உரசினாலே துடிக்கச் செய்யும் வலி அது. முதியோரே இதனால் மிகுதியும் துன்புறுகின்றனர். இவ்வலிக்கு 8 விழுக்காடு காப்சைசின் அடங்கிய ஒட்டுப்பட்டை 2009 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்டது. மருத்துவப் பணியாளர்கள் கையுறை அணிந்து, வலியுள்ள இடத்தில் ஒரு மணி நேரம் அதனை ஒட்டி வைத்து அகற்றுவர். பயன்பெறுவோருக்கு அதன் ஆறுதல் ஏறத்தாழ மூன்று மாதங்கள் நீடிக்கிறது. உறக்கத்தைப் பறித்த வலி குறைந்து, ஒருவர் மீண்டும் அமைதியாக உறங்க, நாவைச் சுடும் அதே பொருள் துணைசெய்கிறது.

மிளகாய் ஊட்டமும் தரவல்லது. எடைக்கு எடை ஒப்பிட்டால், புதிய மிளகாயில் ஆரஞ்சுப் பழத்தைவிட உயிர்ச்சத்து 'சி' மிகுதி. அங்கேரிய அறிவியலாளர் ஆல்பர்ட் செண்ட்-கியோர்கி, செகெட் நகரில் பெருமளவில் விளைந்த காரமற்ற சிவப்பு மிளகாயிலிருந்து அவ்வுயிர்ச்சத்தை மிகுந்த அளவில் பிரித்தெடுத்தார். 1937 ஆம் ஆண்டு அவருக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. எனினும், மிளகாயை உலர்த்தும்போது இவ்வுயிர்ச்சத்தின் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. மேலும், நாம் ஒருவேளை உணவில் உண்ணும் மிளகாயின் அளவு மிகச் சிறிது. ஆதலால் காய்களுக்கும் பழங்களுக்கும் அது மாற்றாகாது.

அளவே மருந்து

மிளகாய் உண்பதால் வயிற்றுப்புண் உண்டாகும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பெரும்பாலான வயிற்றுப்புண்களுக்கு 'எலிக்கோபாக்டர் பைலோரி' என்னும் நுண்ணுயிரியும், சிலவகை வலிநிவாரணி மாத்திரைகளுமே முதன்மையான காரணங்கள் என்பது இப்போது தெளிவாகியுள்ளது. அந்நுண்ணுயிரியைக் கண்டறிந்த பேரி மார்சலும் இராபின் வாரனும் 2005 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். ஆயினும், ஏற்கெனவே புண் உள்ளவர்களுக்கும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் காரம் துன்பத்தை மிகுவிக்கும். அவர்கள் மருத்துவரின் அறிவுரைப்படி காரத்தைக் குறைத்துக்கொள்வதே நலம்.

களிம்பிலும் பட்டையிலும் உள்ள காப்சைசின் அளந்து சேர்க்கப்பட்டது. மிளகாயை அரைத்து உடலில் பூசுவது மருத்துவம் ஆகாது. தோல் வெந்து கொப்புளம் தோன்றக்கூடும். மிளகாய் அரிந்த கையால் கண்ணைத் தொடுதல் கூடாது. கை எரிந்தால் முதலில் எண்ணெய் தடவித் துடைத்துப் பின்னர் வழலையிட்டுக் கழுவுதல் வேண்டும். கடுங்கார உணவை உண்டு காட்டும் போட்டிகள் இளைஞரிடையே பரவியுள்ளன. அமெரிக்காவில் 2023 ஆம் ஆண்டு அத்தகைய சவால் ஒன்றில் கடுங்காரத் தின்பண்டத்தை உண்ட பதின்பருவச் சிறுவன் உயிரிழந்தான். அவனுக்கு முன்பே இதயக் குறைபாடு இருந்தது. தம் உடலில் மறைந்துள்ள குறையை எல்லாரும் அறிந்திருப்பதில்லை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

மண்ணும் உழைப்பும்

நம் மாநிலத்தின் இராமநாதபுரம் மாவட்டம் மிளகாய்க்குப் பெயர்பெற்றது. மழையை நம்பிய அந்நிலத்தில் விளையும் முண்டு மிளகாய், உருண்டையான வடிவமும் தடித்த தோலும் அடர்ந்த செந்நிறமும் உடையது. இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. பருவமழை பொய்த்தாலும், அறுவடைக் காலத்தில் தவறிப் பெய்தாலும், அவ்வுழவரின் ஓராண்டு உழைப்பு வீணாகிவிடும்.

பறித்த பழத்தை உலர்த்துவதில் உழவரின் வருவாயும் உண்போரின் நலமும் ஒருங்கே அடங்கியுள்ளன. ஈரம் முழுவதும் நீங்காத மிளகாயில் பூஞ்சை படர்ந்து 'அஃப்ளடாக்சின்' என்னும் நச்சை உண்டாக்கும். அது கல்லீரலுக்குத் தீங்கு பயப்பது, சமைப்பதாலும் அழிவதில்லை. வெறுந்தரையில் பரப்பாமல், தூய விரிப்பிலோ களத்திலோ உலர்த்தி, ஈரம் படாமல் சேமித்தல் இதற்குத் தீர்வாகும். நிறத்திற்காக மிளகாய்த் தூளில் 'சூடான்' சாயம் கலப்பதும் தடைசெய்யப்பட்ட குற்றம். கண்ணைக் கவரும் நிறத்தைக் கண்டு மயங்காமல், தரம் அறிந்து வாங்குதல் வேண்டும்.

மிளகைத் தேடியவர்களின் கப்பலில் வந்த காய், மிளகின் பெயரையே பெற்று நம் மண்ணில் வேரூன்றிவிட்டது. எவ்வளவு இடவேண்டும், எதனுடன் சேர்க்கவேண்டும், எதனால் தணிக்கவேண்டும் என்பவற்றை நம் வீட்டுப் பெரியோர் தலைமுறை தலைமுறையாகக் கற்றுத் தந்துள்ளனர். மருத்துவரும் அதே வினாக்களுக்கே விடை கண்டு வலியை ஆற்றுகின்றனர். அளவறிந்து பயன்படுத்துவோர்க்கு மிளகாய் உணவுமாகும், மருந்துமாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலும் அண்டை வீடுகளிலும் உள்ள பெரியோரிடம் கேட்டு, மிளகாயின் காரத்தைக் குறைக்க அவர்கள் பின்பற்றும் முறைகளைத் தொகுக்க. அவற்றுள் எண்ணெய், மோர் ஆகியவற்றின் பங்கினை விளக்குக.

2. ஒரு குவளை நீரில் சிறிது மிளகாய்த் தூளைத் தூவி உற்றுநோக்குக. நிறம் கோடுகளாக உடனே கீழிறங்கினால் நீரில் கரையும் செயற்கைச் சாயம் கலந்திருக்கலாம். எண்ணெயில் கரையும் சூடான் சாயத்தை இம்முறையால் கண்டறிய இயலாதது ஏன் என்பதைக் கலந்துரையாடுக.

3. மிளகாயைப் போலவே பிற நாடுகளிலிருந்து வந்து நம் உணவில் நிலைத்துவிட்ட காய், பழங்களின் தமிழ்ப் பெயர்களைத் திரட்டி, அப்பெயர்கள் அமைந்த முறையை எழுதுக.